பாழ்மனையில் பழைய நாணயம் தேடுவது எப்படி: அமெரிக்க ஹோம்ஸ்டெட் நிலங்களுக்கான முழுமையான வழிகாட்டி

மெட்டல் டிடெக்டர் வாங்கியவர்கள் பலரும் முதலில் பூங்காவுக்குப் போகிறார்கள். சோடா மூடியும் அலுமினிய வளையமும் தோண்டி அலுத்த பிறகு, பழைய பண்ணை வீடு இருந்த இடத்துக்குப் போனால் வெள்ளி கிடைக்கும் என்று கேள்விப்பட்டு அங்கே வருகிறார்கள். வந்தால் தரை முழுக்க ஆணி. கருவி ஓயாமல் கத்துகிறது. அரை மணி நேரத்தில் சத்தமே இல்லாத வயல் பக்கம் ஒதுங்கிவிடுகிறார்கள், அங்கே ஒன்றும் கிடைப்பதில்லை.

ஆணி இருக்கும் இடத்தில்தான் வீடு இருந்தது. வீடு இருந்த இடத்தில்தான் மனிதர்கள் காசைத் தவறவிட்டார்கள். புதியவர்கள் வெறுத்து ஓடுகிற இரைச்சல்தான் தேடி வந்த இடத்தின் அடையாளம். இந்த வழிகாட்டி முழுக்க அதைச் சுற்றித்தான் போகும். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். முதல் மூன்று படிகளில் கருவிக்கு வேலையே இல்லை.

1. எந்த நிலத்தில் தேடக் கூடாது

அமெரிக்காவில் நிலம் யாருடையது என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறும். தேசியப் பூங்காக்களில் தேடுவது மட்டுமல்ல, உடனே பயன்படுத்தக்கூடிய நிலையில் டிடெக்டரைக் கையில் வைத்திருப்பதே குற்றம். மற்ற மத்திய அரசு நிலங்களில் 1979 ஆம் ஆண்டின் தொல்பொருள் வளப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியின்றித் தோண்டினால் முதல் குற்றத்துக்கே 10,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. பொருளின் மதிப்பும் இடத்தைச் சீர்செய்யும் செலவும் சேர்ந்து 500 டாலரைத் தாண்டினால் இரண்டும் இரட்டிப்பாகும்.

குடியேறியவர்களுக்கு அரசு கொடுத்த நிலத்தில் எழுந்த ஹோம்ஸ்டெட் வீடுகளில் பெரும்பாலானவை 100 ஆண்டைத் தாண்டியவை. அதனால் என் அறிவுரை: அரசு நிலத்தில் உள்ள பாழ்மனையைப் பார்த்து ரசித்துவிட்டு வந்துவிடுங்கள், தோண்ட வேண்டாம். விசாவில் இருப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருப்பது நல்லது, ஒரு பழைய சென்ட்டுக்காக மத்திய அரசு வழக்கில் சிக்குவது அபத்தம். மாநில நிலம், கவுன்டி (மாவட்டம் போன்ற பிரிவு) நிலம் ஆகியவற்றுக்கு இடத்துக்கு இடம் விதி வேறு. அந்தந்த அலுவலகத்தில் கேட்காமல் இறங்காதீர்கள்.

மிச்சம் இருப்பது தனியார் நிலம். நல்ல இடங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.

2. வீட்டை முதலில் காகிதத்தில் கண்டுபிடியுங்கள்

காரில் சுற்றி இடம் தேடுவது பெட்ரோலுக்குத்தான் கேடு. 1862 ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் பெற வேண்டுமானால், அந்த நிலத்தில் வீடு கட்டி, ஐந்து ஆண்டு குடியிருந்து, பயிர் செய்ததை நிரூபிக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு மனைக்கும் அரசிடம் ஒரு காகிதத் தடம் இருக்கிறது. அந்தத் தடத்தைப் பிடியுங்கள்.

முதலில் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையான பி.எல்.எம். இணையத்தில் வைத்திருக்கும் பழைய ஜெனரல் லேண்ட் ஆபீஸ் பதிவேடுகளைப் பாருங்கள். இலவசம். கவுன்டி வாரியாகத் தேடினால் யாருக்கு, எந்த ஆண்டு, எந்தத் துண்டு நிலத்துக்குப் பட்டா வழங்கப்பட்டது என்பது தெரியும். டெக்சாஸிலும், நாடு தொடங்கியபோதே இருந்த கிழக்குக் கரை மாநிலங்களிலும் இந்த வழி உதவாது, அங்கே நிலம் மத்திய அரசின் கையில் இருந்ததில்லை. அந்த ஊர்களில் கவுன்டி பத்திரப் பதிவுகளைத்தான் பார்க்க வேண்டும்.

பட்டாவில் நிலம் டவுன்ஷிப், ரேஞ்ச், செக்‌ஷன் என்ற கணக்கில் எழுதியிருக்கும். ஒரு டவுன்ஷிப் ஆறு மைலுக்கு ஆறு மைல். அதில் 36 செக்‌ஷன்கள். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர், அதில் கால்வாசிதான் 160. செக்‌ஷன் எண்கள் வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி மேற்கே 6 வரை போகும். அதற்குக் கீழ் வரிசையில் 7 தொடங்கிக் கிழக்கே திரும்பும். இப்படியே உழவுச்சால் போல வளைந்து வளைந்து தென்கிழக்கில் 36-இல் முடியும். எல்லா வரிசையும் இடமிருந்து வலமாகப் போகும் என்று நினைத்து மைல் கணக்கில் தள்ளி நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, பட்டாவின் தேதியை வீட்டின் தேதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பட்டா கடைசியில் வருவது. 1892 என்று இருந்தால் குடும்பம் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வாழத் தொடங்கியிருக்கும்.

160 ஏக்கரில் வீடு எங்கே? அதற்குத்தான் வரைபடங்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனமான யூ.எஸ்.ஜி.எஸ். 1880-களில் இருந்து வரைந்த பழைய நில வரைபடங்களை டோப்போவியூ தளத்தில் இலவசமாக இறக்கலாம். அதில் வீடுகள் சின்னக் கறுப்புச் சதுரங்களாக இருக்கும். ஒரே இடத்தின் பழைய, புதிய வரைபடங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பழையதில் இருந்து புதியதில் காணாமல் போன சதுரம்தான் உங்கள் இலக்கு. 1930-களில் இருந்து வேளாண் துறை எடுத்த வான்வழிப் படங்கள் கிடைத்தால் இன்னும் நல்லது, வீடு போன பிறகும் மர வரிசையும் வண்டிப்பாதையும் அதில் தெரியும். விமானத்தில் இருந்து லேசரால் தரையின் மேடுபள்ளத்தை அளந்து உருவாக்கும் லைடார் நிழல்படம் கிடைக்கும் பகுதியானால் நிலவறைப் பள்ளம்கூடக் கண்ணில் படும்.

நேரமும் கொஞ்சம் பணமும் உள்ளவர்களுக்கு ஒரு வழி: வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்த மனையின் கோப்பைக் கேட்டு வாங்கலாம். குடியேறியவரும் சாட்சிகளும் கொடுத்த வாக்குமூலம் அதில் இருக்கும். வீடு எத்தனை அடிக்கு எத்தனை அடி, எதனால் கட்டியது, கிணறு உண்டா, தொழுவம் உண்டா, எத்தனை ஏக்கர் உழுதார்கள் என்று எழுதியிருக்கும். பலகை வீடா புல்கட்டி வீடா என்பது தெரிந்தால் தரையில் எதைத் தேட வேண்டும் என்பதே மாறிவிடும். ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

3. உரிமையாளரிடம் கேளுங்கள், எழுதி வாங்குங்கள்

இப்போதைய உரிமையாளர் யார் என்பதைக் சொத்து வரியை மதிப்பிடும் கவுன்டி அசெஸ்ஸர் அலுவலகத்தின் நில வரைபடத்தில் பார்க்கலாம். பெரும்பாலான கவுன்டிகள் இதை இணையத்தில் வைத்திருக்கின்றன.

நேரில் போங்கள். பகல் நேரம், தனியாக, அல்லது மனைவியோ கணவனோ குழந்தையோ உடன் இருந்தால் இன்னும் நல்லது. நான்கு பேர் ஒரே காரில் போய் இறங்கினால் யாருக்கும் தயக்கம் வரும். டிடெக்டர் காரிலேயே இருக்கட்டும். கையில் பழைய வரைபடத்தின் நகல் ஒன்று போதும். “உங்கள் நிலத்தில் 1900 வாக்கில் இங்கே ஒரு வீடு இருந்திருக்கிறது, உங்களுக்குத் தெரியுமா?” என்று தொடங்கினால், அதற்குப் பதில் சொல்லும்போதே பாதிப் பேர் இளகிவிடுவார்கள். கிணறு எங்கே இருந்தது, தாத்தா காலத்தில் எதை இடித்தார்கள் என்று எந்த ஆவணத்திலும் இல்லாத விஷயம் அப்போதுதான் வெளியே வரும்.

அறுவடை நேரத்தில் கதவைத் தட்டாதீர்கள். விவசாயிக்கு அப்போது பேச நேரம் இல்லை, “வேண்டாம்” என்பதுதான் சுலபமான பதில்.

நிலம் குத்தகைக்கு விடப்பட்டிருந்தால் குத்தகைதாரரிடமும் சொல்லியாக வேண்டும். உரிமையாளர் சம்மதித்த தெம்பில் நீங்கள் விதைத்த வயலில் நடந்தால், அடுத்த முறை கேட் பூட்டியிருக்கும்.

ஒரு பக்கத் தாளில் நான்கு விஷயம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: எந்த இடம், எந்த நாட்கள், குழிகளை மூடுவது உங்கள் பொறுப்பு, கிடைப்பதை எப்படிப் பகிர்வது. கடைசி விஷயத்தைக் கேட்கத்தான் எல்லோருக்கும் கூச்சம். வாய்ப்பேச்சில் விட்டால் ஒரு தங்க நாணயம் கிடைத்த அன்று சண்டை வரும். அப்புறம், குடும்பச் சமாதி எங்காவது இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். பழைய மனைகளில் குழந்தைகளை வீட்டருகே புதைத்தது சாதாரணம். அந்தப் பக்கம் காயிலை, அதாவது டிடெக்டரின் அடியில் உள்ள தேடும் வட்டை, கொண்டுபோகவே கூடாது.

4. எடுத்துப் போக வேண்டியவை

நடுத்தர விலையில் உள்ள எந்த வி.எல்.எஃப். (மிகக் குறைந்த அதிர்வெண்) வகை டிடெக்டரும் போதும். மைன்லேப், கேரட், நோக்டா எதுவானாலும் சரி. கருவிக்குக் கூடுதல் காசு போடுவதைவிட ஆறு அங்குல அளவில் ஒரு சின்ன காயில் வாங்குங்கள். கருவியோடு வரும் பெரிய காயிலின் கீழே ஒரே நேரத்தில் நாலைந்து ஆணிகள் இருக்கும். சின்னதின் கீழே ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஆணிக் காட்டில் நாணயம் தனியாகத் தெரிவதற்கு அந்த வித்தியாசம் போதும்.

குழிக்குள் பொருள் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் சின்னக் கைக்கருவியான பின்பாயின்டர் இல்லாமல் கிளம்பாதீர்கள். இல்லையென்றால் ஒவ்வொரு குழியும் தேவையைவிட இரண்டு மடங்கு பெரிதாகும். பல் வைத்த கைமண்வெட்டி ஒன்று, தோண்டிய மண்ணைப் போடத் துணி ஒன்று, ஹெட்ஃபோன், தடித்த கையுறை, குப்பைக்கு ஒரு பை, நாணயத்துக்கு மூடி வைத்த சின்ன டப்பா. நாணயத்தையும் ஆணியையும் ஒரே பையில் போட்டால் வீடு வந்து சேர்வதற்குள் நாணயம் முழுக்கக் கீறல் விழும்.

டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டாகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேட்டைப் பருவமானால் ஆரஞ்சு நிற மேலங்கி அவசியம். புல்லில் குனிந்திருக்கும் மனிதன் தூரத்தில் இருந்து பார்த்தால் மனிதனாகத் தெரிய மாட்டான்.

5. கருவியை ஆன் செய்யாமல் ஒரு சுற்று நடங்கள்

இதற்கு இரண்டு காரணம். முதலாவது, உயிர். பாழ்மனையின் மிகப் பெரிய ஆபத்து பழைய கிணறு. மேலே போட்ட பலகை உளுத்துப்போய், அதன் மேல் புல் மண்டிச் சமதரை போலவே இருக்கும். நீண்ட கம்பு ஒன்றால் முன்னே குத்திப் பார்த்துக்கொண்டே நடங்கள். ஹெட்ஃபோன் மாட்டி, கண் காயிலிலேயே இருக்கும்போது இது நடக்காது. அதனால்தான் முதலில் கருவியில்லாமல் நடக்கச் சொல்கிறேன்.

அஸ்திவாரக் கற்களுக்குக் கீழே கையை விடாதீர்கள், மேற்கு மாநிலங்களில் ராட்டில்ஸ்நேக் என்ற விஷப்பாம்பு இருக்கும் இடம் அது. நிற்கும் வீட்டுக்குள் போக வேண்டாம். கூரை மேலே விழலாம், எலி எச்சத்தில் இருந்து ஹான்டா வைரஸ் தொற்றலாம். பழைய தொழுவங்களில் வெட்டிய மரங்களின் அடிக்கட்டையைத் தகர்க்க வைத்திருந்த டைனமைட் இன்னும் கிடக்கலாம். கண்டால் தொடாமல் விலகி வந்து ஷெரீஃபுக்குச் சொல்லுங்கள். குழாய்ப் பாதைக் கம்பம் அருகில் இருந்தால் தோண்டுவதற்குச் சில நாட்களுக்கு முன், நிலத்தடிக் குழாய் போகும் இடத்தைக் குறித்துத் தரும் 811 என்ற எண்ணை அழையுங்கள், கட்டணம் இல்லை.

இரண்டாவது காரணம், அடையாளங்கள். மேய்ச்சல் நிலத்தின் நடுவில் லைலாக் புதரோ ஐரிஸ் செடியோ தானாக முளைக்காது. யாரோ வாசலில் நட்டது, வீடு போன பிறகும் பூத்துக்கொண்டிருக்கிறது. வரிசையாக நிற்கும் மரங்கள் காற்றுத் தடுப்புக்கு நட்டவை, வீடு காற்று படாத பக்கத்தில் இருந்திருக்கும். நீள்சதுரப் பள்ளம் நிலவறை. உழுத வயலில் செங்கல் துண்டு, பீங்கான் சில்லு, கண்ணாடி சேர்ந்து கிடக்கும் திட்டைத் தேடுங்கள். வெயிலில் ஊதா நிறமாக மாறிய கண்ணாடி கிடைத்தால் மகிழ்ச்சியோடு நில்லுங்கள். மாங்கனீஸ் சேர்த்த அந்தக் கண்ணாடி பெரும்பாலும் முதல் உலகப் போருக்கு முந்தியது.

மரமில்லாத சமவெளிகளில் புல்லோடு மண்ணை வெட்டி அடுக்கிய புல்கட்டி வீடுகள்தான் அதிகம். அவை கரைந்து மண்ணோடு மண்ணாகிவிட்டன. அங்கே கல்லும் இருக்காது, பள்ளமும் தெளிவாக இருக்காது. ஆணியும் அடுப்புத் துண்டும் தரும் சத்தம் மட்டுமே வீட்டைக் காட்டும். ஆனால் மண் தரை வீடு என்பதால் விழுந்த காசு மண்ணுக்குள்ளேயே போயிருக்கும். வீட்டின் எல்லைக்குள்ளும் பொறுமையாகத் தேடலாம்.

கிடைக்கும் முதல் ஆணியைத் தூக்கி எறியாதீர்கள், துடைத்துப் பாருங்கள். தண்டு சதுரமாக இருந்து நுனி நோக்கிக் குறுகினால் வெட்டு ஆணி. உருண்டையாக இருந்தால் கம்பி ஆணி. 1890-களில்தான் கம்பி ஆணி மலிவாகிப் பழையதை ஓரம்கட்டியது. முழுக்க உருண்டை ஆணியாக இருக்கும் மனையில் சீட்டட் லிபர்ட்டி (உட்கார்ந்த பெண் உருவம் பொறித்த 19-ஆம் நூற்றாண்டு நாணயம்) வெள்ளியை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். அங்கே கோதுமைக்கதிர் சென்ட்டும் மெர்க்குரி டைமும் (டைம் என்பது பத்து சென்ட் நாணயம்) தான் வரும்.

6. எந்த மூலையில் தொடங்குவது

மனிதர்கள் குனிந்த, உட்கார்ந்த, ஏறி இறங்கிய இடங்களில்தான் காசு விழுந்தது. முன்வாசல் படிக்கட்டைச் சுற்றி முதலில் தேடுங்கள். அடுத்து வீட்டுக்கும் கிணற்றுக்கும் இடையே உள்ள பாதை. பிறகு பெரிய நிழல் மரத்தின் அடி. வண்டி நின்று இறங்கிய இடம், கேட் இருந்த இடம்.

பலரும் விட்டுவிடும் ஒன்று துணி காயப்போட்ட கயிற்றின் அடி. கால்சட்டையைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் பையில் மறந்த காசு புல்லில் விழும். வீட்டின் பின்பக்கம் பத்துப் பதினைந்து அடி இடைவெளியில் இரண்டு கம்ப அடிகள் கிடைத்தால் நடுவில் உள்ள பட்டையை அங்குலம் அங்குலமாகப் பாருங்கள்.

குப்பைமேடு பார்க்க ஆசையாக இருக்கும், அங்கே தகர டப்பாவும் உடைந்த பாத்திரமும்தான். காசை யாரும் குப்பையில் போடவில்லை. கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

7. கருவியை அமைப்பது

மண்ணுக்கு ஏற்ப கிரவுண்ட் பேலன்ஸ் செய்வது முதல் வேலை. உலோகம் இல்லாத ஒரு கை அகல இடம் பார்த்து, காயிலை மேலும் கீழும் ஆட்டிச் சரிசெய்யுங்கள். ஆணிக்கு மேலேயே இதைச் செய்தால் கருவி ஆணியையே மண் என்று எண்ணிக்கொள்ளும்.

சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள். ஆழமாகப் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் முழுக்க ஏற்றுகிறார்கள். ஆணி நிறைந்த இடத்தில் அது இரைச்சலைத்தான் கூட்டும். மேலே உள்ள நாலைந்து அங்குலத்தையே இன்னும் யாரும் ஒழுங்காகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது டிஸ்கிரிமினேஷன், அதாவது வேண்டாத உலோகத்தின் ஒலியை அடக்கும் வசதி. புதியவர் முதலில் செய்வது இரும்பை முழுதாக அடக்குவது. உடனே அமைதி. ஆனால் சத்தம்தான் போகிறது, ஆணி போவதில்லை. இரும்பை ஒதுக்கும்போது கருவி ஒரு கணம் ஊமையாகிறது. அந்த ஒரு கணத்தில் பக்கத்தில் கிடக்கும் டைம் தாண்டிப் போய்விடும். அதனால் இரும்பை அடக்காமல், தாழ்ந்த ‘கர்ர்’ ஒலியாகக் காதில் விழும்படி வையுங்கள். அந்த ஒலியின் அளவைக் குறைக்கும் வசதி உங்கள் கருவியில் இருந்தால் பயன்படுத்துங்கள். ரிகவரி வேகத்தை, அதாவது ஒரு பொருளைக் கண்ட பிறகு அடுத்ததைக் கேட்கக் கருவி தயாராகும் வேகத்தை, கூட்டும் வசதி இருந்தால் கூட்டுங்கள்.

கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஒரு பழைய சென்ட், ஒரு நிக்கல் (ஐந்து சென்ட் நாணயம்), ஒரு வெள்ளி டைம் மூன்றையும் தரையில் வைத்து, கருவியின் திரை என்ன எண் காட்டுகிறது, எப்படி ஒலிக்கிறது என்று பழகிக்கொள்ளுங்கள். அப்புறம் டைமுக்கு ஓர் அங்குலம் தள்ளி ஒரு ஆணியை வைத்து மறுபடி கேளுங்கள். எந்தக் காணொளியும் இதைவிடக் கற்றுத்தராது.

8. ஆணிகளுக்கு நடுவே கேட்பது

மெதுவாக ஆட்டுங்கள். இன்னும் மெதுவாக. காயில் தரையை உரசும் அளவுக்குத் தாழ்வாகவும் மட்டமாகவும் இருக்கட்டும். இரு முனையிலும் காயிலைத் தூக்கிவிடுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம், அந்த இரண்டு முனையும் தேடாத நிலமாகவே நின்றுவிடும். ஒரு கோட்டின் பாதி அகலத்தின் மேல் அடுத்த கோடு விழ வேண்டும்.

காதில் இப்படி வரும்: கர்ர், கர்ர், கர்ர், டிங், கர்ர். அந்த ஒரு ‘டிங்’ அடுத்த வீச்சில் காணாமலும் போகலாம். அங்கேயே நில்லுங்கள். காயிலை அந்த இடத்துக்கு மேல் இரண்டு மூன்று அங்குல அகலத்தில் மட்டும் ஆட்டுங்கள். பிறகு நீங்கள் நகர்ந்து, தொண்ணூறு பாகை திரும்பி நின்று மறுபடி ஆட்டுங்கள்.

ஆணி மட்டும் என்றால் திரும்பியதும் உயர்ந்த ஒலி செத்துவிடும், அல்லது ஒலி வரும் இடம் சில அங்குலம் தள்ளிப் போகும். நாணயமும் ஆணியும் அருகருகே இருந்தால், ஏதோ ஒரு திசையில் அதே இடத்தில் ‘டிங்’ திரும்பத் திரும்ப வரும், மற்ற திசையில் கர்ர் மட்டுமே. ஒரு திசையில் மட்டும் பேசும் சிக்னலைத் தோண்டுங்கள். இரு பக்கமும் அழகாக ஒலிப்பதை மட்டும் தோண்டுவேன் என்பவர், முன்னால் வந்தவர்கள் ஏற்கெனவே எடுத்துப் போனதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஏமாற்றும் பெரிய இரும்பு தனி வகை. லாடம், அடுப்பு மூடி, கலப்பைத் துண்டு எல்லாம் வெள்ளி போல உயரமாக ஒலிக்கும். சோதனை இதுதான்: காயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டே ஆட்டுங்கள். நாணயத்தின் ஒலி சட்டென முடியும். பெரிய இரும்பு நீண்டு போய், ஓரத்தில் கர்ர் என்று தன் குணத்தைக் காட்டும். காயிலை ஒரு அடி உயர்த்திய பிறகும் கத்தினால் அது நாணயம் இல்லை.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. பூங்காவில் பழகியவர்கள் நடு எண்களைத் தோண்ட மாட்டார்கள், அங்கே அது சோடா வளையம் அல்லது 1982 முதல் வந்த துத்தநாக சென்ட். பாழ்மனையில் அந்தக் கணக்கு தலைகீழ். 1920-இல் ஆள் போய்விட்ட வீட்டில் துத்தநாக சென்ட் எங்கிருந்து வரும்? அந்த எண்களில்தான் இந்தியன் ஹெட் சென்ட் ஒளிந்திருக்கிறது. வி நிக்கலும் எருமை நிக்கலும் அலுமினிய வளையத்தின் எண்ணிலேயே வரும். ஆக, இரும்பு இல்லாத எல்லாவற்றையும் தோண்டுங்கள். ஷாட்கன் தோட்டாவின் பித்தளை அடி, சேணக் கொக்கி, பித்தானும் நிறைய வரும். அதுதான் இந்தத் தேடலின் விலை. வறண்ட நிலத்தில் குடியேறியவர்களிடம் காசு அதிகம் புழங்கியதில்லை. ஒரு மனையில் ஒரு நாளில் இரண்டு சென்ட்டும் ஒரு நிக்கலும் கிடைத்தால் அது நல்ல நாள்.

இரைச்சல் தாங்கவே முடியாத ஐந்தடிச் சதுரம் இருந்தால், கயிறு கட்டி அங்கே உள்ள ஆணிகளையே எடுத்துவிடுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் மேல் அடுக்கு இரும்பு போன பிறகு அதுவரை கேட்காத ஒலி கேட்கும். மழை பெய்து இரண்டு நாள் கழித்துப் போனால் ஈர மண்ணில் சிக்னலும் தெளிவாக இருக்கும், தோண்டுவதும் எளிது.

9. தோண்டுவது

பின்பாயின்டரால் மேலேயே ஒரு முறை பாருங்கள். ஒலித்தால் நாணயம் ஓரிரு அங்குலத்தில் இருக்கிறது. மண்வெட்டி வேண்டாம், திருப்புளி போல மழுங்கிய எதையாவது வைத்து நெம்பினால் போதும்.

ஆழமாக இருந்தால் இலக்கில் இருந்து மூன்று அங்குலமாவது தள்ளி, முக்கால் வட்டமாக வெட்டுங்கள். மீதிக் கால் வட்டம் கதவுக் கீல் போல இருக்கட்டும். அந்தப் பக்கத்து வேர் அறுபடாததால் புல் பிழைக்கும், திருப்பி மூடும்போது அதே இடத்தில் சரியாக உட்காரும். இலக்குக்கு நேர் மேலே மண்வெட்டியைச் செருகுவதுதான் அவசரக்காரர்களின் தப்பு. நூறாண்டு மண்ணில் பத்திரமாக இருந்த நாணயத்தின் முகத்தில் கோடு விழுவது அந்த நொடியில்தான். கடும் கோடையில் புல் காய்ந்திருந்தால் இப்படி வெட்டவே வேண்டாம், மூடினாலும் அது பட்டுப்போகும்.

மண்ணைத் துணியில் போடுங்கள். எடுத்த பிறகு குழியையும் அதன் சுவரையும் மறுபடி பாருங்கள். செங்குத்தாக நிற்கும் நாணயம் சுவரில் ஒட்டியிருக்கும், சில சமயம் ஒரே குழியில் இரண்டாவதும் இருக்கும். பிறகு மண்ணைக் கொட்டி, மிதித்து, புல்லைச் சீராக்குங்கள். மேய்ச்சல் நிலத்தில் திறந்த குழி மாட்டின் காலை முறிக்கும். அந்த விவசாயி அதற்குப் பிறகு உங்களை மட்டுமல்ல, டிடெக்டரோடு வரும் யாரையும் உள்ளே விட மாட்டார். தோண்டிய ஆணியையும் கம்பியையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

எலும்பு போலவோ பூர்வகுடிகளின் பொருள் போலவோ ஏதாவது தட்டுப்பட்டால் தோண்டுவதை நிறுத்துங்கள். எலும்பானால் ஷெரீஃபுக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

10. கிடைத்த நாணயத்தை என்ன செய்வது

தேய்க்காதீர்கள். ஆண்டைப் பார்க்கும் ஆவலில் கட்டை விரலால் மண்ணோடு சேர்த்துத் தேய்ப்பது எல்லோருக்கும் வரும் கை. மண்ணில் உள்ள மணல் துகள் வெள்ளியையே கீறும். டப்பாவில் போட்டு மூடுங்கள்.

வீட்டில் வெள்ளியைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் அலசினால் போதும். செம்பு சென்ட் அப்படி இல்லை. மேலே உள்ள பச்சைப் படலத்தில்தான் எழுத்தே நிற்கிறது, உரித்தால் வெறும் சொரசொரப்பு மிஞ்சும். உலர்ந்த பிறகு மரப் பல்குச்சியால் தளர்ந்த மண்ணை மட்டும் தள்ளுங்கள். வெள்ளி பாலிஷ், வினிகர், பல் பவுடர் எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள். சேகரிப்பாளர்கள் அழுக்கு நாணயத்துக்குத் தரும் விலையைத் தேய்த்துப் பளபளப்பாக்கியதற்குத் தர மாட்டார்கள்.

ஆண்டு தெரியாவிட்டாலும் வகையே காலத்தைச் சொல்லும். இந்தியன் ஹெட் சென்ட் 1859 முதல் 1909 வரை, கோதுமைக்கதிர் சென்ட் 1909 முதல் 1958 வரை. பார்பர் டைம் 1892 முதல் 1916, மெர்க்குரி டைம் 1916 முதல் 1945. எருமை நிக்கல் 1913 முதல் 1938. எருமை நிக்கலில் ஆண்டு மேடான இடத்தில் பொறித்திருந்ததால் தேய்ந்து போயிருப்பது சகஜம். 1964 வரையிலான டைம், குவார்ட்டர், அரை டாலர் 90 சதவீத வெள்ளி.

ஆண்டோடு, அடித்த நாணயச்சாலையைக் காட்டும் எழுத்துக் குறியையும் பாருங்கள், விலை அங்கேதான் இருக்கிறது. மெர்க்குரி டைமில் பின்பக்கம் இடது கீழ்ப்புறம் டி என்ற எழுத்து இருந்து ஆண்டு 1916 என்றால், அது மொத்தம் 264,000 மட்டுமே அடிக்கப்பட்ட வகை. 1909-இன் எஸ் குறியிட்ட இந்தியன் ஹெட் 309,000. அதன் குறி பின்பக்க மாலைக்குக் கீழே இருக்கும். 1877 சென்ட்டுக்குக் குறியே இல்லை, ஆண்டு மட்டுமே போதும். இப்படி ஏதாவது கையில் சிக்கினால் நேரே தரச் சான்று தரும் நிறுவனத்துக்கு அனுப்புங்கள், முதலில் பார்க்கும் கடைக்காரரிடம் விற்காதீர்கள்.

11. குறித்து வைத்துத் திரும்பிப் போவது

ஒவ்வொரு நாணயமும் கிடைத்த இடத்தைப் போன் ஜி.பி.எஸ்.ஸில் குறியுங்கள். பழைய வரைபடத்தின் மேல் அந்தப் புள்ளிகளை வைத்தால் சில நாட்களிலேயே வாசல் எது, பாதை எது என்று கோடு விழத் தொடங்கும். அடுத்த முறை எந்தப் பட்டையில் நேரத்தைச் செலவிடுவது என்பதை அந்தக் கோடு சொல்லும்.

கிடைத்ததைக் கழுவிய பிறகு படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்புங்கள். பித்தானும் சேணக் கொக்கியும் உங்களுக்குக் குப்பை, அவருக்குத் தாத்தாவின் பொருளாக இருக்கலாம். பகிர்வு பற்றி எழுதியதில் இல்லாவிட்டாலும் அதைக் கொடுத்துவிடுங்கள். பக்கத்து நிலத்துக்காரரிடம் உங்களுக்காகப் பேசப் போவது அவர்தான்.

ஒரு மனை தீர்ந்துவிட்டது என்று சீக்கிரம் முடிவு கட்டாதீர்கள். உழுத நிலமானால் ஒவ்வொரு உழவிலும் மண் புரண்டு, கீழே இருந்தது மேலே வரும். உழவு முடிந்து ஒரு மழை பெய்த பிறகு, முன்பு நடந்த கோடுகளுக்குக் குறுக்காக நடந்து தேடுங்கள். அதற்கு முன்னால் உரிமையாளருக்கு ஒரு போன் போடுங்கள். போன பருவத்துக்குக் கொடுத்த அனுமதி இந்தப் பருவத்துக்குச் செல்லாது.